நான் எடுத்துட்டுப் போன சீர்

என் தங்கச்சி மலர்க்கொடியைப் பத்தி ஊருல ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. பெத்த புள்ளைங்க ரெண்டையும் போட்டுட்டு வந்த கல்நெஞ்சுக்காரின்னு ஒருத்தி சொல்லுவா. கோர்ட்டுக்குப் போயி புருஷனை சந்தி சிரிக்க வச்சவன்னு அவன் வூட்டு ஆளுங்க சொல்லுவாங்க. ரெண்டும் பொய். அவ கதையை நடந்தபடி சொல்லணும்னா நான்தான் சொல்லணும். ஏன்னா அவ கெட்டது யாராலன்னு எனக்குத்தான் நல்லாத் தெரியும்.

நான் ரஞ்சித்குமார், அவளுக்கு நேர் மூத்தவன். அரியலூர் பக்கம் சுரங்கத்துலேர்ந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறேன். எனக்கு மூக்கு மேல கோவம். வந்துட்டா கண்ணு மண்ணு தெரியாது. இதை ஏதோ பெருமைன்னு நெனச்சுக்கிட்டு ரொம்ப நாளு திரிஞ்சேன். 'ரஞ்சித்து கோவக்காரன், ஆனா பாசக்காரன்'னு நாலு பேரு சொல்லும்போது காலரைத் தூக்கி விட்டுக்குவேன். அந்த நாலு பேரு இப்ப எங்க போனானுங்கன்னு தெரியல.

குரும்பலூருல எங்க வூடு. அப்பா அய்யம்பெருமாள் அடுத்தவங்க காட்டுல களை வெட்டி, பருத்தி எடுத்து எங்களை வளத்தாரு. அவரு செத்தப்புறம் மலருக்கு மாப்பிள்ளை பாத்தது, நாள் குறிச்சது, கட்டிக் கொடுத்தது எல்லாம் நான்தான். திருமானூருக்குப் பக்கத்துல ஒரு ஊரு. மாப்பிள்ளை அறிவழகன் ஜேசிபி ஓட்டுறான். எங்க பக்கம் மக்காச்சோளமும் வெங்காயமும் வெந்து கெடக்கும். அங்க போனா வாய்க்கால்ல தண்ணி ஓடுது, கரும்பும் நெல்லும் பச்சையா நிக்குது. அதைப் பாத்து மயங்கிட்டேன். பையன் குடிப்பானான்னு யாரையாச்சும் கேட்டேனா? கேக்கல.

ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க பொறந்துச்சு. மூத்தவ தென்றல், சின்னவ மணிமொழி. அவன் குடிச்சிட்டு வந்து அடிப்பான், இவ மறைச்சிடுவா. கேட்டா கதவுல இடிச்சிக்கிட்டேம்பா. ஒரு நாளு பக்கத்து வூட்டு அம்மா போன் பண்ணி, மண்டை ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில தையல் போட்டிருக்கு, வந்து பாருங்கன்னு சொன்னாங்க. லாரியை ரோட்டோரமா நிப்பாட்டிட்டு ஒருத்தன் பைக்கை வாங்கிக்கிட்டுப் பறந்தேன். தலையில கட்டோட வாசப்படியில ஒக்காந்திருந்தா. தென்றலுக்கு அப்ப ஒம்பது வயசு, சின்னவளுக்கு மூணு. ரெண்டும் அம்மா முந்தானையைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சுங்க.

மலரு துணிமணியை மூட்டை கட்டினா. புள்ளைங்க துணியையும் சேத்துத்தான் கட்டினா. அந்த மூட்டையைப் பிரிச்சு புள்ளைங்க துணியை எடுத்து வெளிய போட்டவன் நான்.

"புள்ளைங்களைக் கூட்டிட்டு வராத. அதுங்களும் போயிட்டா அவனுக்கு ரொம்ப வசதி. தலை பின்னி, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பிப் பாக்கட்டும். பத்தே நாளு, தானா வந்து நம்ம வாசல்ல நிப்பான்" அப்படின்னேன்.

இது நான் புதுசா கண்டுபுடிச்சது இல்ல. எங்க பக்கத்துல பொம்பளைங்க கோச்சிக்கிட்டு வந்தா இப்படித்தான் சொல்லிக் கொடுப்பாங்க. எங்க சின்னம்மா ஒருத்தி இதே மாதிரி மூணு புள்ளையை விட்டுட்டு வந்து ஒக்காந்தாங்க. ஆறாம் நாளே சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போனாரு. எல்லாருக்கும் பலிச்சது நமக்கும் பலிக்கும்னு நெனச்சேன். மலரு அழுதா, முடியாதுன்னா. நான் ஒரு அதட்டுப் போட்டேன். வந்து வண்டியில ஏறிட்டா.

பத்து நாளு போச்சு, ஒருத்தனும் வரல. அறிவழகனோட அக்கா கமலவேணி, புருஷன் இல்லாத பொம்பளை, தம்பி வூட்டுக்கே வந்து தங்கி புள்ளைங்களைப் பாத்துக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவன் எதுக்கு வந்து நிக்கப் போறான்? ஒரு மாசம் கழிச்சு நாங்களே நாலு பேரைக் கூட்டிட்டுப் பஞ்சாயத்துக்குப் போனோம். புள்ளைங்களை வேணாம்னு தூக்கிப் போட்டுட்டுப் போனவளுக்கு இப்ப என்ன பாசம் பொத்துக்கிட்டு வருதுன்னு கேட்டான். பஞ்சாயத்துல ஒக்காந்திருந்தவங்களும் அதானேன்னாங்க. நான் எந்திரிச்சு அறிவழகன் சட்டையைப் புடிச்சேன். பேச்சு அதோட முடிஞ்சு போச்சு.

அப்புறம் மலரு பெரம்பலூர்ல ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுல சப்பாத்தி தேய்க்கிற வேலைக்குப் போனா. காலையில நாலரைக்கு எந்திரிச்சு, முதல் பஸ்ஸைப் புடிச்சுப் போவா. எத்தனையோ புள்ளைங்க சாப்புடுற எடம். சாயங்காலம் வந்தா வலது கையைத் தூக்க முடியாது, என் பொண்டாட்டி கலையரசி எண்ணெய் தேச்சு விடுவா. தீவாளி பொங்கலுக்குப் புள்ளைங்களுக்குத் துணி எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிப்பா. அளவு தெரியாது. எங்க தெருவுல அதே வயசுல இருக்கிற புள்ளைங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சு, முழம் போட்டுப் பாத்து எடுத்துட்டு வருவா. கமலவேணி அதை வாங்கி வச்சுப் போட்டு விட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. நாங்க எரிச்சிருப்பாங்கன்னுல்ல நெனச்சோம்.

மூணு வருஷம் இப்படி ஓடுச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போயி பாக்கலாம்னா, அப்பா சொல்லாம காட்ட முடியாதும்மான்னு வாசலோட அனுப்பிடுவாங்க. கடைசியில ஹாஸ்டல் வார்டன் அம்மாதான் ஒரு லேடி வக்கீலைக் காட்டி விட்டாங்க. வெற்றிச்செல்வின்னு பேரு, அரியலூர் கோர்ட்டுல பேரெடுத்தவங்க. புள்ளைங்களை எங்கிட்ட ஒப்படைக்கணும்னு மலரு கேஸு போட்டா. எனக்கும் சந்தோசம்தான். வாய்தா வாய்தாவா நானும் கூடப் போனேன். மேடம் என்னைய வெளியவே ஒக்கார வச்சிடுவாங்க. "தம்பி, நீங்க பேசாம இருந்தீங்கன்னாலே பாதி கேஸு ஜெயிச்ச மாதிரி"ன்னு மொத நாளே சொல்லிட்டாங்க. அந்தம்மாவுக்கு ஆளைப் பாத்த உடனே தெரிஞ்சிருக்கு.

கேஸு முடியிற வரைக்கும் வாராவாரம் சனிக்கிழமை கோர்ட்டுல இருக்கிற சமரச மையத்துல ரெண்டு மணி நேரம் புள்ளைங்களைப் பாக்கலாம்னு உத்தரவாச்சு. மொத சனிக்கிழமை கமலவேணிதான் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தாங்க. தென்றல் செவத்தைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாளாம். சின்னவ மட்டும் கிட்ட வந்து "நீங்கதான் அம்மாவா?"ன்னு கேட்டிருக்கா. பெத்தவளைப் பாத்து வாங்க போங்கன்னு, வூட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேக்குற மாதிரி. மலரு இதை வூட்டுல வந்து சொல்லிட்டு அன்னைக்கு முழுக்க சாப்புடல. எனக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு தெரியாம பாத்திரத்தைத் தூக்கி அடிச்சேன்.

ஆனா மலரு விடல. மழையோ வெயிலோ, கை வலியோ, சனிக்கிழமை ஆனா அரியலூர் பஸ்ஸுல ஏறிடுவா. நாலாவது வாரம் தென்றல் பக்கத்துல வந்து ஒக்காந்து, தலை பின்னி விடச் சொல்லியிருக்கா. ஏழாவது வாரம் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பேசியிருக்கா. ஒம்பதாவது வாரம், "நான் அங்க வந்தா எந்த ஸ்கூல்லம்மா சேப்ப?"ன்னு கேட்டிருக்கா. அன்னைக்கு என் தங்கச்சி மொகத்தைப் பாக்கணுமே. கலையரசிக்கிட்ட அதை மூணு தடவை சொன்னா. பெரம்பலூர்ல எந்தப் பள்ளிக்கூடம் நல்லதுன்னு ஹாஸ்டல் முழுக்க விசாரிச்சா. வக்கீல் மேடமும், அடுத்த மாசம் ஜட்ஜ் அய்யா பெரிய பொண்ணைத் தனியா கூப்பிட்டுக் கேப்பாரு, பதிமூணு வயசுப் புள்ளை சொல்ற சொல்லுக்கு நல்ல மதிப்பு இருக்கும், அது வரைக்கும் ஒரு சண்டை சச்சரவு கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்க.

பத்தாவது சனிக்கிழமை கமலவேணி மட்டும் தனியா வந்தாங்க. தென்றல் வயசுக்கு வந்துட்டா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை திருமானூர் மண்டபத்துல தண்ணி ஊத்துறோம்னு சொன்னாங்க. தம்பிக்குத் தெரியாமத்தான் சொல்ல வந்திருக்காங்க.

"மலரு, நீ வா. பொம்பளைங்களோட வந்து நின்னு உங்கையால மஞ்சத்தண்ணி ஊத்து. புள்ளை உன்னைத்தான் கேக்குது. ஆனா உங்க அண்ணனைக் கூட்டிட்டு வந்துடாத" அப்படின்னாங்களாம்.

மேடத்துக்கிட்ட போன் போட்டுக் கேட்டா, தாராளமா போ, தனியா போன்னுட்டாங்க. மலரு என்கிட்ட வந்து பயந்துகிட்டே சொன்னா. நான் மட்டும் போயிட்டு வந்துடுறேன் அண்ணேன்னா. எனக்கு உள்ள சுர்ருன்னு ஏறிச்சு. தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், நான் இல்லாம என் தங்கச்சி மவளுக்கு சடங்கா? பச்சை ஓலைக் குடிசை கட்டுறது யாரு, மாலை போடுறது யாரு, சீர் வரிசை வைக்கிறது யாரு? நாளைக்கு ஊருல ஒருத்தன் என்னை மதிப்பானா? கத்தித் தீத்துட்டேன். கலையரசி, இது நம்ம மானம் பாக்குற நேரம் இல்லங்க, அந்தப் புள்ளைங்க வந்து சேரட்டும், அப்புறம் ஊரையே கூட்டிச் சீர் செய்யுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. பொம்பளை நீ சும்மா இருன்னுட்டேன்.

மலரு சரின்னும் சொல்லல, அதுக்கு மேல வேணாம்னும் சொல்லல. நாலு வருஷமா எங்க வூட்டுல இருக்கா, அண்ணனை எதுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்ல. அந்த வாரம் முழுக்க சாமானை எடுத்து எடுத்துத் தட்டுல அடுக்குறப்ப அவ மொகத்தை நான் பாக்கவே இல்ல.

ஐம்பத்தோரு தட்டு. பட்டுப் பொடவை, வளையலு, பூ, பழம், லட்டு, ஜிலேபி, சில்வர் குடம், குத்துவெளக்கு, ஒரு புது சைக்கிளு. ரெண்டு டாட்டா ஏஸ்ல ஏத்திக்கிட்டு, சொந்தக்காரங்களை வேன்ல ஏத்திக்கிட்டு, டிரம் செட்டோட போயி எறங்குனேன். திருமானூர் கடைவீதியே திரும்பிப் பாத்துச்சு. நான் ரோசாப்பூ மாலையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு முன்னால நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்குத் தென்றலு ஞாபகமே இல்ல. எல்லாரும் என்னையப் பாக்குறாங்கங்கிறதுதான் ஞாபகத்துல இருந்துச்சு.

சத்தத்தைக் கேட்டுக் கமலவேணி வாசலுக்கு ஓடியாந்தாங்க. என்னைப் பாத்ததும் அவங்க மொகம் விழுந்துடுச்சு. மலரு கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க. நான் நிமிந்து பாத்தா வாசல்ல ஆளுயரத்துக்குப் பேனரு. 'தாய்மாமன் சீர், அரியமுத்து'ன்னு போட்டு, கூலிங் கிளாசு மாட்டிக்கிட்டு அவன் படம்.

அரியமுத்து யாருன்னு சொல்லிடுறேன். எங்க சித்தப்பா மவன். மலருக்கு ஒன்னுவிட்ட தம்பி. வூட்டுச் செவரு விசயத்துல எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாம நாலு வருஷம் ஆச்சு. கூடப்பொறந்தவன் வரலைன்னா அந்த முறையில இருக்கிற ஒருத்தனை மாமனா நிக்க வைக்கிறது வழக்கம்தான். அறிவழகன் தேடிப் புடிச்சு என் பங்காளியவே கூட்டியாந்து நிறுத்தியிருக்கான். என்னைய நோகடிக்கத்தான் செஞ்சிருக்கான், அதுல சந்தேகமே இல்ல. நோகடிச்சா நோகாம இருக்கத் தெரியணும். அது எனக்குத் தெரியல.

உள்ள போனேன். மேடையில தென்றலு அலங்காரம் பண்ணி ஒக்காந்திருந்தா. நாலு வருஷத்துல எவ்வளவு வளந்துட்டா, எங்க அம்மா ஜாடை அப்படியே இருந்துச்சு. மலரு அவ பக்கத்துல நின்னா. தென்றலு அம்மா கையைப் புடிச்சு மடியில வச்சிருந்தா, விடவே இல்ல. அதை நான் பாத்தேன். பாத்துட்டு அப்படியே திரும்பி வந்திருந்தா, இன்னைக்கு ரெண்டு புள்ளைங்களும் எங்க வூட்டுல படிச்சிக்கிட்டிருக்கும். அதே நேரம் அரியமுத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து தென்றல் கழுத்துல மாலையைப் போட்டுட்டு, என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான்.

மேடையேறினதுதான் தெரியும். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அறிவழகன் வந்து நெஞ்சைப் புடிச்சுத் தள்ளினான். யாரு போட வேண்டிய மாலையை யாரு போடுறதுன்னு கத்திக்கிட்டு, தென்றல் கழுத்துல கெடந்த மாலையைப் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்தேன். அது கழுத்துச் சங்கிலியோடயும் ஜடையில வச்ச பூவோடயும் சிக்கியிருக்கு. புள்ளை நாற்காலியோட சாஞ்சு கீழ விழுந்துட்டா. கழுத்துல நீளமா கீறி ரத்தம் வந்துச்சு. கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்குது. மலரு அவ மேல விழுந்து கட்டிப்புடிச்சா. தென்றலு அவ கையைத் தள்ளி விட்டுட்டு, அத்தைன்னு கத்திக்கிட்டே கமலவேணிக்கிட்ட ஓடிட்டா.

எல்லாம் ஒரு நிமிசம்தான். ஐம்பத்தோரு தட்டும் வாசல்ல அப்படியே கெடந்துச்சு. எவனோ ஒருத்தன் படம் புடிச்சதுக்குப் பாட்டுப் போட்டு வாட்ஸ்அப்புல விட்டுட்டான். தென்றல் கூடப் படிக்கிற புள்ளைங்க போன் வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு வாரம் பள்ளிக்கூடமே போகலையாம். சனிக்கிழமை சனிக்கிழமை மலரு அரியலூர் போயி அந்த ரூம்புல தனியா ஒக்காந்துட்டு வந்தா. புள்ளைங்க வரல.

மேடம் என்னையக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டல. அந்த வீடியோவை எதிர்த்தரப்பு கோர்ட்டுல கொடுத்திருக்காங்கன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

ஜட்ஜ் அய்யா புள்ளையைக் கேக்குற நாளு வந்துச்சு. தென்றலு கமலவேணி கையைப் புடிச்சிக்கிட்டு எங்களைக் கடந்து போனா. கழுத்துல தழும்பு தெரியாம துப்பட்டாவை இழுத்து விட்டிருந்தா. உள்ள தனியா அரை மணி நேரம் இருந்தா. வெளிய வந்தப்ப அம்மாவை ஒரு பார்வை பாத்தா, என் பக்கம் திரும்பல. மூணு வாரம் கழிச்சு உத்தரவு வந்துச்சு. புள்ளைங்க அப்பா வூட்டுலயே இருக்கணும். மாசத்துல ஒரு சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் அம்மா பாத்துக்கலாம். அந்த நேரத்துல தாய்மாமன் ரஞ்சித்குமார் அந்த வளாகத்துக்குள்ள வரக் கூடாது. என் பேரைப் போட்டே எழுதியிருந்தாங்க.

கோர்ட்டு வராண்டாவுலயே மலரு, எம் புள்ளை என்ன சொன்னான்னு மேடத்தைக் கேட்டா. உத்தரவுல புள்ளை சொன்னது நாலு வரி இருந்துச்சு. மேடம் சொல்ல வேணாம்னுதான் பாத்தாங்க. இவ விடல, மறுபடி மறுபடி கேட்டா. கடைசியில மேடம் காகிதத்தைப் பாத்துப் படிச்சாங்க.

"எனக்கு அம்மாவைப் புடிக்கும். ஆனா அம்மா மாமா சொல்றதைத்தான் கேப்பாங்க. மாமா விட்டுட்டு வான்னா விட்டுட்டுப் போயிடுவாங்க."

அந்த வராண்டாவுல எத்தனையோ பேரு போறாங்க வர்றாங்க. மலரு ஒரு பொட்டு அழுவல. மேடத்துக்குக் கும்புடு போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சா. பஸ்ஸுல நான் பக்கத்துல எடம் புடிச்சு வச்சும் போயி லேடீஸ் சீட்டுல ஒக்காந்துக்கிட்டா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கினதும் நான் குரும்பலூர் பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு நடந்தேன். அவ வரல. திரும்பிப் பாத்தா அங்கேயே நிக்கிறா. கிட்ட போனேன். ஹாஸ்டல்ல வேலை பாக்குறவங்க தங்குறதுக்கு ரூம்பு இருக்கு, இனிமே அங்கேயே இருந்துக்குறேன்னா. எதுக்கு, வூடு இருக்கும்போது எதுக்குன்னு நான் சத்தம் போட ஆரம்பிச்சேன்.

"ரெண்டு தடவை உம் பேச்சைக் கேட்டேன் அண்ணே. ரெண்டு புள்ளையும் போயிடுச்சு" அப்படின்னா.

சத்தமா சொல்லல. கோவமாவும் சொல்லல. சொல்லிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிட்டா. எனக்குக் கோவம் வரணும்ல, வரல. வாழ்க்கையில மொத தடவையா வந்திருக்க வேண்டிய நேரத்துல வரவே இல்ல. அங்கேயே நின்னுட்டேன், ரெண்டு குரும்பலூர் பஸ்ஸு போயிடுச்சு.

இது நடந்து எட்டு மாசம் ஆச்சு. மலரு கேஸை விடல, மேல்முறையீடு பண்ணியிருக்கா. மாசா மாசம் ஒரு சனிக்கிழமை தனியா போயி புள்ளைங்களைப் பாத்துட்டு வர்றா. சின்னவ இப்ப அம்மான்னே கூப்புடுறாளாம், தென்றலும் வர ஆரம்பிச்சிருக்காளாம். இதெல்லாம் கலையரசி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவக்கிட்ட மட்டும் மலரு போன்ல பேசுறா. அடுத்த வாய்தா என்னைக்குன்னும் கலையரசிக்குத் தெரியும். அதை மட்டும் எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மலரு அவக்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா.